இங்கிலாந்து வரலாறு படிக்க ஊர்ப் பெயர்களில் இருந்து தொடங்குங்கள்

மன்னர்கள் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு இங்கிலாந்து வரலாற்றுக்குள் போகாதீர்கள், பாதியிலேயே சலித்துவிடும். கூகுள் மேப்பைத் திறந்து ஊர்ப் பெயர்கள் எப்படி முடிகின்றன என்று மட்டும் பாருங்கள். மான்செஸ்டர், வின்செஸ்டர், லங்காஸ்டர் என்று வந்தால் அங்கே ரோமானியர்களின் கோட்டையோ மதில் சூழ்ந்த நகரமோ இருந்தது என்று பொருள், கி.பி. 43 முதல் ஏறத்தாழ 410 வரை அவர்கள் ஆட்சிதான். விட்பி, கிரிம்ஸ்பி, டெர்பி என்று 'பி'யில் முடிபவை டென்மார்க், நார்வே பக்கமிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங்குகள் வைத்த பெயர்கள், அவர்கள் மொழியில் அது ஊரைக் குறிக்கும் சொல். இவை வடக்கிலும் கிழக்கிலும் குவிந்திருக்கும், தெற்கே போகப் போக அருகிவிடும், ஆக அவர்கள் எதுவரை குடியேறினார்கள் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

அப்புறம் யார்க் நகரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. ரோமானியர்களுக்கு எபோராகம், 866-இல் அதைப் பிடித்த வைக்கிங்குகளுக்கு யோர்விக். ஸ்டோன்கேட், காப்பர்கேட் என்று தெருக்கள் இருக்கும், ஆனால் வாசலைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் இங்கே 'கேட்' என்பது தெருவைக் குறிக்கும் வைக்கிங் சொல். நகர வாசலுக்கு 'பார்' என்று பெயர். மிக்கிள்கேட் பார் என்றால் பெரிய தெருவின் வாசல்.

ஒன்று மட்டும் கவனியுங்கள், ஊரின் பழைய எழுத்து வடிவத்தையும் தேடிப் பார்த்துவிடுங்கள். ரக்பி என்ற ஊரும் 'பி'யில்தான் முடிகிறது, ஆனால் 1086-இல் எழுதப்பட்ட நிலப் பதிவேட்டில் அது ரோச்பெரி, 'பி' பிற்பாடு ஒட்டிக்கொண்டதுதான்.