கயிற்றைக் கட்டாதீர்கள்: தென் பிரான்சின் கால்வாயில் நாமே படகோட்டிச் செல்வது எப்படி?

பிரான்சின் கிராமப்புறத்தைத் தண்ணீர் வழியே பார்க்க இரண்டு வழிகள் உண்டு. சமையல்காரரும் மாலுமியும் உள்ள பெரிய படகில் அறை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சிறு படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது, இந்தப் பதிவும் அதைப் பற்றியதே. வாடகைப் படகு ஓட்ட உரிமம் தேவையில்லை. துறையில் சொல்லிக்கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லும் அனுமதி அட்டை ஒன்றைத் தருவார்கள்.

சென்ற மே மாதம் நானும் மனைவியும் அக்காவும் அத்தானும் கனால் டு மிடி கால்வாயில் ஒரு வாரம் இருந்தோம். 1660களில் பியர் பால் ரிக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. துலூஸ் நகரிலிருந்து கடலோரத் தோ ஏரி வரை 240 கிலோமீட்டர். 1681இல் திறந்தபோது அதைப் பார்க்க ரிக்கே உயிரோடு இல்லை, முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

1. பாதையைச் சுருக்குங்கள்

வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர்தான். ஒரு வாரத்தில் துலூசிலிருந்து கடல் வரை போகத் திட்டமிடுபவர்கள் சுக்கானைத் தவிர எதையும் பார்க்க மாட்டார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு ஓம்ப்ஸ் துறையில் தொடங்கிக் கிழக்கே கொலோம்பியே வரை போய்த் திரும்புவதையே சொல்வேன். போக சுமார் 55 கிலோமீட்டர். ரயிலில் வருபவர்கள் லெசின்யானில் இறங்கி டாக்சி பிடிக்கலாம்.

இந்தப் பாதையில் முதல் ஏழு கிலோமீட்டரிலேயே எக்லூஸ்கள், அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள், முடிந்துவிடும். அர்ஜான் ஊருக்கு அப்பால் 54 கிலோமீட்டருக்கு ஒன்றுகூடக் கிடையாது. கடினமானதை முதல் நாளே கற்றுக்கொண்டு, மிச்ச நாளை நிம்மதியாகக் கழிக்கலாம்.

2. படகு

நான்கு பேருக்குப் பத்து, பதினோரு மீட்டர் நீளம் போதும். "இன்னும் பெரியது இருக்கிறது" என்பார்கள், வேண்டாம். திருப்பங்களிலும் குறுகிய பாலங்களிலும் ஒவ்வொரு மீட்டரும் கனக்கும். இரண்டு சைக்கிளை மட்டும் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள். வழுக்காத காலணி, தோல் கையுறை, தொப்பி ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். தொலைபேசி வரைபடத்தைவிட அச்சிட்ட கால்வாய் வரைபடப் புத்தகம் எனக்கு அதிகம் உதவியது. எங்கே தண்ணீர் பிடிக்கலாம், எந்தப் பாலம் தாழ்வு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

3. எக்லூஸ்: இங்கே நிதானம் தேவை

எக்லூஸ் என்பது இருபுறமும் கதவுள்ள கல்தொட்டி. படகு உள்ளே போனதும் கதவை அடைத்து, மதகு வழியாகத் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டு போவார்கள். சிவப்பு விளக்கு என்றால் காத்திருங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் தயார் செய்கிறார்கள். பச்சை வந்த பிறகே உள்ளே போங்கள்.

இந்தக் கால்வாயின் தொட்டிகள் நடுவில் வயிறு பருத்த நீள்வட்டம். மண்ணின் அழுத்தத்தைத் தாங்க ரிக்கே சுவர்களை வளைத்துக் கட்டினார். சுவர் வளைந்திருப்பதால் படகு அதோடு ஒட்டி நிற்காது. கயிறுதான் அதை நிறுத்த வேண்டும்.

நம் கடற்கரையில் படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் சொல்வார்கள். அணியத்தில் ஒருவர், அமரத்தில் ஒருவர், சுக்கானில் ஒருவர் நிற்க வேண்டும். கயிற்றின் ஒரு முனை படகில் கட்டியிருக்கும். நடுப்பகுதியைக் கரையிலுள்ள கட்டுத்தறியில் சுற்றி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கையில்தான். எதிலும் கட்டாதீர்கள்.

ஓன்யோன் எக்லூசில் நாங்கள் இதில்தான் தவறினோம். இறங்கும்போது கை வலிக்கிறதென்று அத்தான் மறுமுனையைப் படகின் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். தண்ணீர் சட்டென்று தாழ்ந்தது. கயிறு கம்பிபோல விறைத்து, அதிலிருந்த ஈரம் துளித்துளியாகத் தெறித்தது. படகு கயிற்றில் தொங்கி ஒருபுறம் சாய, சமையலறைத் தட்டுகள் சரிந்தன. "அத்தான், கயிற்றை விடுங்கள்!" என்று கத்தினேன். விட முடியவில்லை, பாரம் ஏறிய கயிறு அவிழாது. எக்லூஸ் காவலர் ஓடிவந்து மதகை அடைத்து, மேலிருந்து சற்றுத் தண்ணீர் விட்ட பிறகே அது தளர்ந்தது. அடுத்த எக்லூசிலிருந்து அமரக் கயிற்றுக்கு அருகில் ஒரு கூரிய கத்தி வைத்துக்கொண்டோம். நீங்களும் வையுங்கள்.

இறங்கும்போது இன்னொன்று: மேல்கதவின் அடியில் கல்படி ஒன்று உள்ளே நீண்டிருக்கும், தொட்டி நிறைந்திருக்கையில் கண்ணுக்குத் தெரியாது. அமரம் அதன்மேல் உட்கார்ந்துவிடாதபடி படகை முன்னால் தள்ளி நிறுத்துங்கள்.

திரும்பி வரும்போது ஏற்றம். சுவர் தலைக்கு மேல் உயர்ந்திருக்கும் என்பதால், ஒருவரை முன்கூட்டியே கரையில் இறக்கிவிட்டுக் கயிற்றை மேலே வீசுங்கள். தண்ணீர் முன்பக்கமிருந்து பொங்கி வரும். அணியக் கயிற்றைத் தளரவிடாமல் கைமாற்றி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படகைக் கையாலோ காலாலோ சுவரிலிருந்து தள்ளாதீர்கள். மோதலைப் படகின் பக்கத்தில் தொங்கும் மிதவைகள் வாங்கிக்கொள்ளும்.

4. இரவு நிறுத்தம்

துறைகளில் மட்டுமல்ல, தடை இல்லாத கரைகளிலும் நிறுத்தலாம். படகில் இரும்பு முளைகளும் சுத்தியலும் இருக்கும். முளையை நீரைவிட்டு வெளிப்புறமாகச் சாய்த்து அடியுங்கள். கரைப்பாதையில் சைக்கிள்கள் வரும், கயிறு குறுக்கே கிடக்கக் கூடாது.

மரத்தில் மட்டும் கட்டாதீர்கள். அதற்குத் தடை உண்டு. இக்கரையில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் நின்றன. 2006இல் இங்கே கண்டறிந்த பூஞ்சை நோய் ஆயிரக்கணக்கானவற்றை அழித்துவிட்டது. படகுக் கயிறு உரசிய காயம்கூட நோய்க்கு வாசலாகிறது. வரிசையாக வெட்டிய அடிமரங்களையும், அவற்றுக்கிடையே இடுப்புயரத்தில் நிற்கும் புதுக் கன்றுகளையும் பார்த்தபடி படகோட்டினோம். மனம் கனத்தது.

5. எங்கே நிற்கலாம்?

ஓலோன்சாக்கில் செவ்வாய்க்கிழமைச் சந்தை. ஓம்ப்சிலிருந்து சைக்கிளில் போகும் தூரம்தான். பரசாவுக்கு அருகே படகு ஓர் ஓடையின் மேலேயே செல்லும்: ரிக்கே 1676இல் கட்டிய ரெப்யூத்ர் நீர்ப்பாலம். லெ சோமாயில் கொடி படர்ந்த கல்பாலத்தின் அருகே ஒரு பழைய புத்தகக்கடை இருக்கிறது. அரை நாள் ஒதுக்குங்கள்.

வாசகர் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

எக்லூசுக்குப் போனால் ஆளே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு, பொதுவாக 12.30 முதல் 1.30 வரை, மூடிவிடுவார்கள். மே 1 அன்றும் இயங்காது. குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயையே மூடுவதுண்டு.

சைவ உணவு பற்றிப் பலர் கேட்டீர்கள். இப்பகுதியின் பெயர்பெற்ற கசூலே உணவில் வெள்ளை பீன்சோடு இறைச்சியும் சேரும். படகில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. நாங்கள் சிறிய குக்கரும் அரிசியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோயிருந்தோம். சந்தைத் தக்காளியில் வைத்த ரசம் அருமையாக இருந்தது.

கப்பெஸ்தான் பாலத்தைப் பற்றி எழுதாமல் விட்டதைச் சுட்டிக்காட்டிய தோழிக்கு நன்றி. இந்தப் பாதையிலேயே மிகத் தாழ்வான பாலம் அதுதான், வளைவும் இருபுறமும் சரிந்து இறங்கும். மேல்தளக் குடையை மடக்கி, சைக்கிள்களைப் படுக்க வைத்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு, நடுவிலேயே மெல்லப் போங்கள்.