பேய் பிடிக்கப் போவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள்: ஆர்வலர் சங்கம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையைப் பார்த்தபடி நிற்கும் ஒரு தொடர்மாடியின் மொட்டை மாடியில், பேய், பறக்கும் தட்டு முதலிய மர்மங்களைத் தேடும் சங்கமாக ஏழெட்டுப் பேர் நாங்கள் கூடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே எங்களுக்கு ஒரு ‘பறக்கும் பொருள்’ கிடைத்துவிட்டது. கடலுக்கு மேலே நான்கு செம்மஞ்சள் விளக்குகள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் கமராவைத் தேடினார். ஒருவர் கும்பிட்டார். இன்னொருவர் அந்த நிமிடமே வட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டார். மணி என்ன என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை, வானம் தெளிவாக இருந்தபோது அதே இடத்தில் நின்று பார்த்தோம். துறைமுகத்துக்குள் நுழைய முறை காத்து வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பல்கள். மங்கலான இரவில் கடலையும் வானத்தையும் பிரிக்கும் கோடு மறைந்துவிடுகிறது. கோடு மறைந்தால் கப்பலும் பறக்கும். கப்பல்கள் மூன்றுதான் நின்றன. நான்காவது விளக்குக்கு ஆள் கிடைக்கவில்லை. அது எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், எத்தனை மணிவரை தெரிந்தது என்று ஒருவரும் எழுதிவைக்காததால் இனிக் கிடைக்கவும் போவதில்லை.

நானறிந்தவரை இத்தகைய சங்கங்களைக் கவிழ்ப்பது இந்த எழுதிவைக்காத பழக்கம்தான். மற்றத் தவறுகள் பெரும்பாலும் அது பெற்ற பிள்ளைகள்.

மூத்த பிள்ளை, ஆட்கள் சேர்ந்தவுடன் கருவி வாங்க ஓடுவது. மின்காந்தப் புலத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அதன் விளக்கு மினுங்கினால் ஆவி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சுவருக்குள் ஓடும் வயருக்கும் மினுங்கும், சட்டைப்பையில் கிடக்கும் கைத்தொலைபேசிக்கும் மினுங்கும். கொழும்பின் கறுவாத்தோட்டப் பகுதிப் பழைய வீடுகள் சிலவற்றின் மின்வயர்களைப் பார்த்தால் ஆவி இல்லாமலே பயம் வரும். படங்களில் விழும் வெள்ளை வட்டங்களும் இந்த வகைதான். லென்சுக்கு மிக அருகில் மிதக்கும் தூசியிலோ மழைத் துளியிலோ பிளாஷ் வெளிச்சம் பட்டு, குவியாமல் வட்டமாக விரிகிறது. முதற்செலவு தடித்த கொப்பி ஒன்றும் நாலைந்து பேனையும். காசு மிஞ்சினால் இரு கண்ணாலும் பார்க்கும் தொலைநோக்கி ஒன்று, 7×50 அல்லது 10×50 (ஏழு அல்லது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 50 மில்லிமீற்றர் அகலம்).

கொப்பியில் எழுதுவதற்கும் முறை உண்டு. கண்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக எழுதிவிட வேண்டும். பேசிய பின் எழுதினால், எல்லாருடைய தாளிலும் குரல் பெரிதான ஒருவருடைய காட்சிதான் இருக்கும். உயரத்தை அடிக் கணக்கில் கேட்காதீர்கள். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாத ஒளியின் உயரத்தை எவராலும் அப்படிச் சொல்ல முடியாது. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். சுண்டுவிரல் 1 பாகை. ‘கடலுக்கு மேல் இரண்டு முஷ்டி’ என்று எழுதியிருந்தால் மறுநாள் போய்ச் சரிபார்க்கலாம். திசை அறியாதவர்களுக்கும் கொழும்பு இரங்கும் ஊர்: கடல் இருக்கும் பக்கம் மேற்கு. படம் எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் படமாக வந்து சேர்வது சுருங்கிப் போயிருக்கும், எடுத்த நேரம் முதலிய விவரங்களும் உதிர்ந்திருக்கும். அதையே ஆவணமாக அனுப்பச் சொன்னால் அவை தப்பும்.

கேள்வி கேட்கும்போது வாயில் வார்த்தையை ஊட்டுவது அடுத்தது. ‘தட்டு மாதிரி இருந்ததா?’ என்று கேட்டால், தட்டு மாதிரித்தான் இருந்திருக்கும். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் ரெய்னியர் மலைப் பக்கமாகத் தமது சிறு விமானத்தில் பறந்த கெனத் ஆர்னால்ட் ஒன்பது பொருள்களைக் கண்டார். தண்ணீரின் மேல் வீசிய தட்டுத் துள்ளித் துள்ளிப் போவதைப்போல அவை பறந்தன என்றுதான் தாம் சொன்னதாகப் பிற்பாடு விளக்கினார். பத்திரிகைகள் அசைவைப் பிடித்து வடிவமாக்கிவிட்டன. அதன் பிறகு உலகம் முழுவதும் தட்டுகள் பறந்தன. எங்கள் கூட்டத்தில் விசாரிக்கும் பொறுப்பை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் கொடுத்தோம். அவர் கேட்பது இரண்டே கேள்வி: ‘என்ன கண்டீர்கள்?’, ‘பிறகு?’ இந்த இரண்டாவதை நாலு முறை கேட்பார். அந்த இடைவெளியில்தான் உண்மையான விவரங்கள் வந்து விழும்.

விடை கண்டுபிடித்த மகிழ்ச்சியில் சாட்சியைத் தொலைப்பதும் உண்டு. ஒரு தம்பி மாலை நேரம் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து வந்தபோது, கடலுக்கு மேல் ஓர் ஒளி கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை தன்னுடனேயே வந்ததாக எழுதித் தந்தார். தான் இறங்கியதும் அதுவும் நின்றுவிட்டதாம். வெள்ளிக் கிரகம். அத்தனை தொலைவில் உள்ள எதுவும் ஓடும் ரயிலோடு கூட ஓடுவதாகத்தான் தெரியும். சொன்னோம், சிரிப்பும் எழுந்தது. அடுத்த கூட்டத்துக்குத் தம்பி வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. நேரம், திசை, உயரம் மூன்றையும் ஒழுங்காக எழுதித் தந்த ஒரே ஆள் அவர்தான்.

வழக்கமான சந்தேக நபர்களின் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. சர்வதேச விண்வெளி நிலையம்: ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், சில நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும், மினுங்காது. 2019 மே முதல் ஏவப்படும் ஸ்டார்லிங்க் செய்மதிகள்: ஏவிய சில நாட்களுக்கு ஒரே கோட்டில் மணிமாலையாகப் போகும். நம்மை நோக்கி நேரே வரும் விமானத்தின் முன்விளக்கு: சில நிமிடம் அசையாமல் நிற்பது போலத் தெரியும். காலிமுகத்திடலில் இருட்டிய பிறகும் பறக்கும் விளக்குப் பட்டங்கள்: எங்களை அதிகம் ஏமாற்றியவை இவைதான்.

எல்லாவற்றையும் தட்டிக் கழித்த பின்னும் சில மிஞ்சும். அங்கேதான் சங்கம் இரண்டாக உடையும். அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களை விசாரிக்க அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை நடத்திய புளூ புக் திட்டத்துக்கு வந்த 12,618 தகவல்களில் 701 விளக்கமின்றி நின்றன. நம்புகிறவர் 701ஐப் பிடித்துக்கொள்வார், நம்பாதவர் மிச்சத்தைப் பிடித்துக்கொள்வார். எங்களிடம் ஒரு முறை கை தூக்கச் சொல்லி வாக்கெடுப்பே நடந்தது. ஒன்பதுக்கு ஆறு என்ற கணக்கில் வேற்றுக்கிரகவாசிகள் இருப்பதாக முடிவாயிற்று. இப்போது கொப்பியின் கடைசி நிரலில் ‘விளக்கம் கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஒதுங்குவது கொழும்புக்கே உரிய சபலம். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இந்தத் தீவில் வாழ்ந்தவர் என்பதற்காக அவரைப் பறக்கும் தட்டுகளின் காவல் தெய்வமாக்கிவிடுகிறார்கள். வேற்றுக்கிரகங்களிலிருந்து ஊர்திகள் வருகின்றன என்ற பேச்சை அவர் ஏற்றவர் அல்லர். கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்கவின் கதை வேறு. 2012 டிசம்பரில் பொலன்னறுவைப் பக்கம் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லில் நுண்ணுயிர்ப் புதைபடிவங்கள் உள்ளன என்று அவரும் சகாக்களும் அறிவித்தபோது, அது விண்கல்தானா என்பதே விமர்சகர்களின் கேள்வியாக இருந்தது. உங்களிடமும் யாராவது ஒரு கல்லைக் கொண்டு வருவார். யார் எடுத்தார், எப்போது, எங்கே, எதில் சுற்றினார், யார் யார் தொட்டார்கள் என்பது இல்லாவிட்டால், அதை வாசற்கதவு அடிக்காமலிருக்க வைத்துக்கொள்ளலாம்.

அனுமதியின்றி இரவில் இடங்களுக்குள் நுழைவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். பொரளை கனத்தை மயானத்தின் மதிலேறுவதோ, உடைந்த பங்களாவுக்குள் ரோச் அடித்துக்கொண்டு திரிவதோ வீரம் ஆகாது. பாழ்வீட்டில் மூடாத கிணறும் பாம்பும் உளுத்த பலகையும் இருக்கும். அதிகாலை இரண்டு மணிக்குக் கமராவும் முக்காலியுமாக நிற்கும் நாலு தமிழ்ப் பையன்களைப் பொலிஸ் நிறுத்தி என்ன வேலை என்று கேட்டால், ‘ஹொல்மன் பலன்ன ஆவா’, பேய் பார்க்க வந்தோம் என்று சொல்லிப் பாருங்கள். எங்களில் இருவர் சொல்லிப் பார்த்தார்கள். விடிந்த பிறகுதான் வீடு வந்தார்கள். உரிமையாளரின் எழுத்து அனுமதி, எல்லார் கையிலும் அடையாள அட்டை, சிங்களம் சரளமாகப் பேசும் ஒருவர், இந்த மூன்றும் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள்.

வதந்திக்குக் கால் முளைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011 ஓகஸ்ட் போதும். உடம்பில் கிரீஸ் பூசிய மர்ம ஆள் இரவில் வந்து தாக்குகிறான் என்று, கிரீஸ் பூதம் என்ற பெயரில் இலங்கையில் பீதி ஊர் ஊராகப் பரவியது. அப்பாவிகள் அடிபட்டார்கள்; புத்தளத்தில் கூட்டத்தின் கையில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். அப்படியொரு நாளில் இருட்டில் அலையும் உங்கள் சங்கமே ஊராருக்குப் பூதமாகத் தெரியும். சரிபார்க்காத எதையும் வெளியே விடக் கூடாது என்ற விதி இதற்காகத்தான்.

கடைசியாகச் சொல்வதைத்தான் நான் முதலில் கற்றிருக்க வேண்டும். ஆவியைக் கூப்பிடுவதாகச் சொல்லி, எழுத்துத் தாளில் கிளாஸைக் கவிழ்த்து விரல் வைக்கும் விளையாட்டை ஆரம்பத்தில் நாங்களும் செய்தோம். விரல் வைத்தவர்கள் தம்மையறியாமலே கிளாஸைத் தள்ளுகிறார்கள். மேசை தானாக அசைவதாகச் சொல்லப்பட்டபோது விஞ்ஞானி மைக்கேல் ஃபரடே 1853இலேயே சோதித்துக் காட்டிய விடயம் இது. கண்ணைக் கட்டித் தாளைத் திருப்பி வைத்தால் ஆவிக்கு எழுத்து மறந்துவிடும். அதோடு அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தவர். மகனை 2009இல் வன்னியில் கண்டதுதான் கடைசி. கைப்பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய படத்தை எடுத்து மேசையில் வைத்தார். ‘தம்பி, கூப்பிட்டுப் பாருங்கோ. வந்தால் இல்லையென்று தெரிஞ்சிடும். வராவிட்டால் இருக்கிறான்தானே’ என்றார். அவருடைய கணக்கில் பிழையே இல்லை. எங்களில் ஒருவர் கிளாஸை எடுக்கக் கை நீட்டிவிட்டார். ஆசிரியை அவர் கையைப் பிடித்து நிறுத்தி, ‘அம்மா, எங்களுக்கு அது தெரியாது’ என்று சொல்லி, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, படத்தில் இருந்த பையனைப் பற்றிக் கேட்டார். இரண்டு மணிநேரம். அவர் கேட்டது அந்த இரண்டு கேள்விகளைத்தான். அந்தக் கிளாஸை நாங்கள் மறுபடி கவிழ்க்கவில்லை. கழிப்புக் கழிக்கிறோம், நூல் கட்டுகிறோம் என்று வந்து காசு பேசிய இருவரை விலக்கியதும் அந்த வாரம்தான்.

அந்தப் பழைய கொப்பி இன்னும் இருக்கிறது. முதற்பக்கத்தில் தேதி இல்லை, நேரம் இல்லை. நினைவிலிருந்து வரைந்த நான்கு புள்ளிகள், நான்காவது மட்டும் கொஞ்சம் மேலே. அது மேலேதான் இருந்ததா, வரைந்தவரின் கை தவறியதா என்று அன்று மாடியில் நின்றவர்களுக்குள் இன்றும் சண்டை.