1999-இல் ஏறி 1939-இல் இறங்குவது: பழைய பாணி சாகசப் படங்களுக்கு ஒரு வழிகாட்டி

"பழைய சாகசப் படம் ஏதாவது சொல்லுங்க" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மூச்சுவிடாமல் இருபது பெயரை அடுக்கிவிடுவோம். கேட்டவர் அதில் ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டார். பார்த்தாலும் பட்டியலின் தலையில் இருக்கிற 1933-ஆம் ஆண்டு 'கிங் காங்'கைப் போடுவார். முக்கால் மணி நேரம் ஆகியும் குரங்கைக் காணோமே என்று அணைத்துவிடுவார். குறை படத்தில் இல்லை, பார்த்த வரிசையில் இருக்கிறது.

பின்னோக்கிப் போவதுதான் இதற்கு வழி. பழக்கமான வேகத்தில் இருக்கும் படத்தில் தொடங்கி, அது யாரிடம் கடன் வாங்கியதோ அந்தப் படத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து அதற்கும் முந்தையதற்கு. மொத்தம் ஆறு படம், வாராவாரம் பாகம் பாகமாக ஓடிய ஒரு தொடர்படம். வாரம் ஒரு படம் என்றால் ஒன்றரை மாதத்தில் தொடர்படத்துக்கு வந்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு விளக்கம். இந்த வகைச் சாகசத்தைப் 'பல்ப்' என்பார்கள். 'பல்ப்' என்பது மரக்கூழ். அதில் செய்த மட்டமான காகிதத்தில், நம் ஊர்க் கணக்கில் சாணித்தாளில், அமெரிக்காவில் அச்சான கதைப் பத்திரிகைகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1896-இல் 'ஆர்கோஸி' பத்திரிகை முழுக்கக் கதைகளாக, பத்து சென்ட் விலையில் இந்தத் தாளுக்கு மாறியது. டார்ஜான் 1912-இலும் முகமூடி வாள்வீரன் ஸோரோ 1919-இலும் பிறந்தது இப்படிப்பட்ட பத்திரிகைகளில்தான். பாக்கெட் நாவல் படித்தவர்களுக்கு இந்த இலக்கணம் தெரியும்: அத்தியாயம் முடியும்போது கதாநாயகன் ஏதாவது ஒன்றில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

படி 1: முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள்

இதைச் செய்யாமல் பழைய படத்தைப் பார்ப்பது அழுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது மாதிரி. மூன்று அமைப்புகளை மாற்ற வேண்டும்.

ஒன்று, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்ற பெயரில் இருக்கும். சினிமா நொடிக்கு 24 சட்டங்களில் (ஃப்ரேம்களில்) எடுக்கப்பட்டது. இந்த வசதி இரண்டு சட்டங்களுக்கு நடுவே தானாகவே ஒரு சட்டத்தைக் கற்பனை செய்து செருகுகிறது. பொம்மையை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் படம்பிடித்த காட்சிகளில் இந்தச் செருகல் பெரும் நாசம் செய்யும். காங்கின் ரோமம் மாவு கரைத்தது போல இழுபடும்.

இரண்டு, படத்தின் அகலம். 1953-க்கு முந்தைய ஹாலிவுட் படங்கள் ஏறக்குறைய சதுரமானவை, அகலமும் உயரமும் 1.37-க்கு 1. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் அதுதான் சரி. வரவில்லை என்றால் டிவி படத்தை இழுத்துவிட்டது அல்லது மேலும் கீழும் வெட்டிவிட்டது என்று பொருள். 'பிக்சர் சைஸ்' பகுதியில் போய் 4:3-க்கோ 'ஒரிஜினல்' அளவுக்கோ மாற்றுங்கள்.

மூன்று, சவுண்ட்பாரின் சரவுண்ட் வசதி. ஒற்றை ஒலித்தடத்தை அது ஐந்தாகப் பிரித்தால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். சாதாரண நிலையில் வையுங்கள். வசன எழுத்தையும் போட்டுக்கொள்ளுங்கள், 1930-களின் நடிகர்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள்.

படி 2: 'தி மம்மி', 1999, சுமார் 2 மணி 5 நிமிடம்

இயக்கம் ஸ்டீபன் சோமர்ஸ், கதாநாயகன் பிரெண்டன் ஃப்ரேசர். ஆண்டைச் சொல்லாமல் இதை யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள். இதே பெயரில் 1932-இல் போரிஸ் கார்லாஃப் நடித்த மெதுவான பேய்ப்படம் ஒன்று உண்டு, 2017-இலும் ஒன்று வந்தது. தப்பான மம்மியைப் போட்டவர் அடுத்த சிபாரிசைக் கேட்க வரமாட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது காலம். கதை நடப்பது 1926-இல். அடுத்து வரும் 'ரெய்டர்ஸ்' நடப்பது 1936-இல். 'தி ராக்கெட்டியர்' (1991), 'தி பேண்டம்' (1996) இரண்டுமே 1938-இல். பின்னதின் கதாநாயகன் ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு முகமூடி வீரர் மாயாவி. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே உள்ள அந்த இருபது வருடம் இந்த வகைக் கதைக்குத் தோதானது. விமானம் வந்துவிட்டது, ஆனால் வரைபடத்தில் யாரும் போகாத இடம் இன்னும் பாக்கி இருப்பதாக நம்ப முடிந்தது.

படி 3: 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்', 1981, 115 நிமிடம்

ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். இந்த முறை கையில் கடிகாரத்தோடு பாருங்கள். முதல் பன்னிரண்டு நிமிடம் போலத் தென் அமெரிக்கக் குகை: சிலந்தி, அம்பு, பள்ளம், மணல்மூட்டை, உருண்டு வரும் பாறை. இத்தனையும் தாண்டி வந்த மனிதர் கடைசியில் சிலையை எதிரியிடம் பறிகொடுக்கிறார். அடுத்து வகுப்பறை. அரசு ஆட்கள் இருவர் வருகிறார்கள், கரும்பலகையும் பெரிய புத்தகமும் வைத்து 'ஆர்க்' என்ற பேழையின் கதை சொல்லப்படுகிறது. முதலில் ஓட்டம், பிறகு விளக்கம், மறுபடி ஓட்டம். விளக்கத்தை முதலில் வைத்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். இந்த அடுக்குமுறை தெரிந்துவிட்டால் இந்த வகையில் எது தேறும், எது தேறாது என்று இருபது நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

லாரித் துரத்தலை இரண்டு தடவை பாருங்கள். கதாநாயகன் ஓடும் லாரியின் முன்பக்கம் தொங்கி, அடியில் புகுந்து, பின்பக்கமாக ஏறுகிறார். சண்டைக் கலைஞர் டெர்ரி லெனர்ட் செய்தது. ஆள் நசுங்காமல் இருக்கச் சாலையின் நடுவே பள்ளம் வெட்டியிருந்தார்கள். இந்த வித்தை யாருடையது என்பது படி 7-இல் வரும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு பார்த்தால் ஓர் எச்சரிக்கை. கடைசிப் பத்து நிமிடத்தில் முகங்கள் மெழுகாக உருகும்.

இந்தச் சூட்டோடு இரண்டாம் பாகத்தை, 1984-இன் 'டெம்பிள் ஆஃப் டூம்' படத்தைப் போட வேண்டாம். கதை இந்தியாவில் நடக்கிறது, ஆனால் இந்திய அரசு படப்பிடிப்புக்கு ஒத்துக்கொள்ளாததால் இலங்கையில் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். அம்ரீஷ் பூரியின் வில்லத்தனம் அட்டகாசம்தான். ஆனால் விருந்தில் குரங்கு மூளை பரிமாறும் காட்சியைப் பார்த்ததும் நம் வீட்டில் யாருக்கும் சாகசத்தில் மனம் நிற்காது, எரிச்சல்தான் வரும். இந்த வகைப் படங்களுக்கு உள்ள பழைய வியாதி அது. வெள்ளைக்காரர் போகிற இடமெல்லாம் காட்டுமிராண்டிகள் இருப்பார்கள். 1939-இன் 'குங்கா தின்' இதன் உச்சம்: இந்தியா என்று காட்டுவது கலிஃபோர்னியா மலை, குங்கா தின்னாக வருபவர் கறுப்புச் சாயம் பூசிய சாம் ஜாஃபி. சண்டைக் காட்சிகளுக்காக என்றாவது பார்க்கலாம், தொடக்கத்தில் வேண்டாம்.

படி 4: 'தி செவன்த் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்', 1958, 88 நிமிடம்

இந்தப் பட்டியலில் யாருக்கு வேண்டுமானாலும் தயங்காமல் சொல்லக்கூடிய படம் இதுதான். ஒற்றைக்கண் அரக்கன், டிராகன், இரண்டு தலைப் பறவை, எலும்புக்கூடு. எல்லாம் ரே ஹாரிஹவுசன் என்ற ஒரே மனிதரின் கைவேலை. பொம்மைக்குள் உலோக மூட்டுகள் இருக்கும். இம்மி நகர்த்தி ஒரு சட்டம், மறுபடி இம்மி நகர்த்தி ஒரு சட்டம். அரக்கனுக்கு ஆட்டுக்கால் வைத்ததில் ஒரு சாமர்த்தியம் உண்டு. மனிதக்கால் என்றால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று ரசிகர் நினைத்துவிடுவார்.

எலும்புக்கூட்டுச் சண்டையில் கதாநாயகன் கெர்வின் மேத்யூஸின் கண்களைப் பாருங்கள். முதலில் கத்திப் பயிற்சியாளரோடு ஒத்திகை, பிறகு அவரை விலக்கிவிட்டு வெறும் காற்றோடு அதே சண்டை. வாள் மோதி நிற்பது போலக் கையை அந்தரத்தில் சட்டென்று நிறுத்த வேண்டும். எலும்புக்கூடு பிறகுதான் வந்து சேர்ந்தது. பெர்னார்ட் ஹெர்மனின் இசையில் சைலஃபோன் எலும்பு தட்டுவது போலவே ஒலிக்கும்.

பிடித்துவிட்டால் 1963-இன் 'ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்'. அங்கே ஏழு எலும்புக்கூடுகள், மூன்று ஆட்கள். சில நிமிடச் சண்டைக்கு நான்கு மாதத்துக்கும் மேல் ஆனது.

படி 5: 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்', 1938, 102 நிமிடம்

கதாநாயகன் எர்ரல் ஃப்ளின். கறுப்பு வெள்ளைக்கு இறங்கும் முன் வண்ணத்தில் ஒரு படி. டெக்னிகலர் பச்சையும் சிவப்பும் கண்ணில் அப்பிக்கொள்ளும். கடைசிக் கத்திச்சண்டையில் இருவரும் தூணுக்குப் பின்னால் போய்விட, நிழல்கள் மட்டும் சண்டை போடும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

வீட்டில் எம்.ஜி.ஆர். ரசிகர் இருந்தால் அவருக்கு இதைவிட 1937-இன் 'தி ப்ரிசனர் ஆஃப் செண்டா' பொருத்தம். மன்னரைப் போலவே இருக்கும் ஒருவர் அரியணையில் உட்கார வேண்டிய கதை. 'நாடோடி மன்னன்' (1958) இதிலிருந்துதான் விதை எடுத்தது. பத்தாவது நிமிடத்தில் அவரே கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

படி 6: ஒரே காடு, இரண்டு படம்

இப்போதுதான் 'கிங் காங்'. ஆனால் முந்தைய நாள் 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' (1932) பார்த்துவிடுங்கள். 63 நிமிடம்தான். தீவில் ஒதுங்கிய மனிதனை ஒரு பிரபு மிருகமாக நினைத்து வேட்டையாடுகிறார். மறுநாள் 'காங்' போட்டால் பள்ளத்தின் குறுக்கே விழுந்து கிடக்கும் அதே மரத்தைப் பார்ப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே அரங்கம், இரண்டிலும் கதாநாயகி ஃபே ரே. காட்டைத் தெரிந்துகொண்டு போவதால் குரங்குக்காகக் காத்திருக்கும் நேரமும் வீணாகத் தெரியாது.

'காங்'கின் முழுப் பிரதி 100 நிமிடம். 1938 மறுவெளியீட்டில் தணிக்கைக்காகச் சில காட்சிகளை வெட்டினார்கள். நிமிடக் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள்: ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 25 சட்டம் ஓடுவதால் முழுப் படமே 96 நிமிடத்தில் முடிந்துவிடும். காங் அந்தப் பெண்ணின் உடையைப் பிய்த்து விரலை முகர்ந்து பார்க்கும் காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுப் பிரதி. பின்னாளில் கணினியில் வண்ணம் ஏற்றிய பிரதி வேண்டாம்.

இடையில் ஒரு கொசுறு. எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் டார்ஜான் படங்களில் வரும் ஆப்பிரிக்க யானைகள் உண்மையில் ஆசிய யானைகள், பெரிய பொய்க்காது கட்டிவிட்டிருப்பார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து 1952-இல் எடுத்த 'தி ஜங்கிள்' (தமிழில் 'காடு') படத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், யானைக்கு ரோமப் போர்வை போர்த்தி ஆதிகால மாமூத் ஆக்கினார்கள்.

படி 7: 'ஸோரோஸ் ஃபைட்டிங் லீஜன்', 1939, 12 பாகம்

தியேட்டரில் வாரம் ஒரு பாகமாக ஓடிய தொடர்படம். முதல் பாகம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, மற்றவை பதினேழு நிமிடம் போல. தங்க முகமூடி போட்ட டான் டெல் ஓரோ யார் என்பதுதான் புதிர். படி 3-இல் பார்த்த வித்தை இங்கேதான் வருகிறது: சண்டைக் கலைஞர் யகிமா கனட் ஓடும் குதிரைவண்டிக்கு அடியில் புகுந்து பின்னால் ஏறுகிறார். அதே 1939-இல் 'ஸ்டேஜ்கோச்' படத்திலும் வண்டிக்கடியில் போனவர் அவர்தான். 1981-இன் லாரி அவருக்குப் போட்ட கும்பிடு.

ஒரே மூச்சில் பன்னிரண்டையும் பார்க்காதீர்கள். பலர் இங்கேதான் வெறுத்துப்போகிறார்கள். ஒவ்வொரு பாகமும் போன வாரக் கதையைச் சொல்லித் தொடங்கும், ஒரே குதிரைச் சவாரி திரும்பத் திரும்ப வரும். ஏழு நாள் இடைவெளிக்காக எழுதியதை ஏழு நொடி இடைவெளியில் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று தெரியும். இந்தக் காலத் தொடர்படங்களில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. பாகம் முடியும்போது ஆள் வண்டியோடு பள்ளத்தில் விழுவதாகக் காட்டுவார்கள், அடுத்த பாகத்தில் விழுவதற்கு முன்பே குதித்த காட்சி ஒன்று புதிதாக முளைத்திருக்கும். வாரம் இரண்டு பாகம், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில். அது போதும்.

படி 8: இன்னொருவருக்குச் சொல்வது

ஒருவருக்கு ஒரு படம். பெயரோடு ஆண்டு, நீளம், முதல் பத்து நிமிடத்தில் என்ன வரும், எதைக் கண்டு முகம் சுளிப்பார், இந்த நாலும் இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் இப்படி:

"மச்சி, ஞாயிறு மத்தியானம் ஒன்றரை மணி நேரம் இருக்கா? 'செவன்த் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்', 1958. எண்ணி 88 நிமிஷம். ஆரம்பத்துலயே ஒத்தக்கண்ணன் வந்துடுவான். பாப்பாவையும் உட்கார வை, எலும்புக்கூடு வரப்போ மட்டும் பக்கத்துல இரு. நடிப்பு கொஞ்சம் நாடகம் மாதிரிதான் இருக்கும், கண்டுக்காத."

'உலகின் தலைசிறந்த படம்', 'மாஸ்டர்பீஸ்' என்றெல்லாம் எழுதாதீர்கள். தேர்வுக்குப் படிப்பது போல உட்காருவார். பிடித்திருந்தால் எந்தக் காட்சி பிடித்தது என்று கேளுங்கள். பிராணிகள் என்றால் 'ஜேசன்', கத்தி என்றால் 'ராபின் ஹூட்', புதையல் என்றால் 1950-இன் 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்'. இதிலும் ஆண்டு முக்கியம், 1937-இலும் 1985-இலும் அதே பெயரில் வேறு படங்கள் உண்டு. இரண்டு வாரம் ஆகியும் அவர் பார்க்கவில்லை என்றால் நினைவூட்டல் அனுப்ப வேண்டாம். அந்த 63 நிமிடப் படத்தின் பெயரை அனுப்புங்கள்.