கியர் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்குமுன்…

மன்னார்குடி சாலையில் நெல் மூட்டையோடு நிற்கும் பழைய பிக்கப்பில் ரிவர்ஸ் கரகரவென்று கத்தினால், முதலில் இன்ஜினை அணைத்துக் கியர் போட்டுப் பாருங்கள். அப்போது லேசாக விழுந்தால் கோளாறு பெரும்பாலும் கிளட்ச் விலகாததுதான், அதாவது பெடலை மிதித்தும் இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸ் பிரியவில்லை.

என் வண்டியில், பெடலை மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கியதும் உள்ளே ஈரம், சீல் போயிருந்தது. இதில் ஓடும் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், டெல்டா மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அந்த நீர் சிலிண்டர் சுவரை அரித்துக் குழி விழுந்திருந்தால் புது சீல் நிற்காது. சிலிண்டரையே மாற்றுங்கள்.

ஆயில் டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ரகப் பிரேக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பிறகு ஏர் எடுக்க, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சிலிண்டரில் காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து மூட. மூடுமுன் பெடலை விட்டால் காற்று திரும்ப ஏறும். குமிழி நிற்கும்வரை டப்பாவில் ஆயில் வற்றக் கூடாது.