சிங்கிள் காயில் பிக்கப்பில் காந்தம் மாற்றுவது எப்படி?

விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார்களின் சிங்கிள் காயில் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும், ஒற்றைக் கம்பிச்சுருள் கொண்ட பாகம்) கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் கம்பி சுற்றிய பிளாஸ்டிக் சட்டமான பாபினுக்குள் ஆறு இரும்புத் தண்டுகளும் அவற்றின் அடியில் ஒட்டிய செராமிக் காந்தப் பட்டையும் இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டு ஆறு அல்நிகோ 5 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் கலவை) காந்தத் தண்டுகளைச் செருகப் போகிறோம். ஓசையின் அளவு கொஞ்சம் குறையும், தெளிவு கூடும். இந்தப் பெருமை முழுவதையும் காந்தத்துக்கே கொடுப்பது வழக்கம். ஆனால் இரும்பு வெளியேறுவதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அது உள்ளே இருக்கும்வரை காயிலின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) உயர்ந்து, மேல் ஸ்தாயி மங்கலாகவே கேட்கும். பட்டையை மட்டும் அல்நிகோ பட்டையாக மாற்றினால் இதே பலன் கிடைக்காது.

1. மாற்றக்கூடிய பிக்கப்தானா?
திருப்பிப் பாருங்கள். அடியில் பட்டை இருந்தால் தொடரலாம். பட்டை இல்லாமல், மேலும் கீழும் ஃபைபர் தகடு மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தப் பழைய ஃபெண்டர் பாணியில் கம்பியை நேராகக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருப்பார்கள். தண்டை அசைத்தால் உள்சுற்று அறுந்துவிடும். கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.06 மி.மீ.தான், அறுந்தால் ஒட்டுப்போட வழியில்லை.

2. அளந்து குறித்துக்கொள்ளுங்கள்
மல்டிமீட்டரில் காயிலின் ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள். பொதுவாக 5 முதல் 7 கிலோ ஓம் வரை காட்டும். அப்புறம் ஒரு திசைகாட்டியைத் தண்டுகளின் மேல்பக்கத்துக்கு மெல்லக் கொண்டுபோய், முள்ளின் எந்த முனை இழுபடுகிறது என்று எழுதி வையுங்கள். மூன்று பிக்கப் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாக. பலவற்றில் நடு பிக்கப் மட்டும் எதிர்த் துருவத்தில் இருக்கும். பழைய தண்டின் விட்டத்தையும் அளந்துவிட்டுப் புதியதை வாங்குங்கள். 5 மி.மீ. அருகில்தான் இருக்கும், ஆனாலும் சிறு வித்தியாசம்கூட உறுத்தும். நீளம் கூடினால் மூடிக்கு வெளியே துருத்தும்.

3. பழையதை எடுப்பது
ஹேர் டிரையரால் பட்டையை இதமாகச் சூடாக்கி, மெல்லிய பிளேடை இடையில் விட்டு நெம்புங்கள். வயர் வெளியேறும் பக்கத்தில் பிளேடு போகவே கூடாது. சூடு அதிகமானால் உள்ளே இருக்கும் மெழுகு உருகும், பாபினும் வளையும். பிறகு துளையிட்ட மரத்துண்டின் மேல் பிக்கப்பை வைத்து, தண்டைவிடச் சற்று ஒல்லியான குச்சியால் ஒவ்வொன்றாகக் கீழே அழுத்தித் தள்ளுங்கள்.

4. புதியதைச் செருகுவது
ஆறும் ஒரே துருவம் மேலே பார்க்க நிற்க வேண்டும். சோதிக்க எளிய வழி இருக்கிறது: இரண்டு தண்டுகளைப் பக்கவாட்டில் நெருக்கினால் ஒன்றையொன்று தள்ள வேண்டும். ஒட்டிக்கொண்டால் ஒன்று தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் எழுதி வைத்த துருவமே மேலே வரட்டும். கையாலோ சிறிய வைஸாலோ அழுத்தினால் போதும், சுத்தியல் வேண்டாம். அல்நிகோ எளிதில் உடையும், அதிர்ச்சியில் காந்த வலுவும் குறையும். லூஸாக இருந்தால் அடியில் ஒரு சொட்டு சூப்பர் குளூ. மேசையில் இரும்புத்தூள் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள், ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

5. சோதனை
ரெசிஸ்டன்ஸ் பழைய அளவையே காட்டினால் காயில் பிழைத்தது. மாட்டிய பின், ஸ்விட்சை இரண்டு பிக்கப் சேரும் இடங்களில் வைத்துக் கேளுங்கள். ஓசை மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் இருந்தால் ஒரு பிக்கப்பின் துருவம் மாறிப்போயிருக்கிறது. வயர்களை இடம் மாற்றியும் சரிசெய்யலாம்தான். ஆனால் அந்த இடங்களில் ஹம் (மின் இரைச்சல்) அடங்கிக்கொண்டிருந்தால், அது திரும்ப வந்துவிடும். தண்டுகளைத் திருப்பிப் போடுவதே மேல்.

கடைசியாக உயரம். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, காந்தத்துக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கலாம். மேல் ஃபிரெட்டுகளில் சுருதி தள்ளாடினால் காந்தம் தந்தியை இழுக்கிறது, பிக்கப்பை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.