மலை கடலில் இறங்கும் ஊருக்குத் தனியாகப் போய் ஓய்வெடுப்பது எப்படி

ஓய்வெடுக்கத் தனியாகக் கிளம்புகிறவர்கள் மலைக்குப் போவார்கள், இல்லையென்றால் கடற்கரைக்குப் போவார்கள். இரண்டும் ஒட்டி நிற்கிற இடங்கள் வேறு ரகம். கலிபோர்னியாவில் பிக் சர், இத்தாலியில் சிங்க்வே தெர்ரே, அட்லாண்டிக் கடலில் மதேரா தீவு, தைவானில் ஹுவாலியன் பக்கத்துச் செங்குத்துப் பாறைகள் என்று உலகத்தின் பல மூலைகளில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. எனக்கு இந்த மாதிரி இடங்கள்தான் பிடிக்கும். நான் வேலையில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசுகிறவள். விடுமுறை என்றால் முதலில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அப்புறம்தான் இயற்கைக் காட்சியெல்லாம். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இடது முழங்கால் எனக்கு முன்பே தாண்டிவிட்டது. ஆகவே இது மலையேற்ற வீரர்களுக்கான வழிகாட்டி இல்லை.

இந்த நிலத்தில் ஓய்வு கிடைக்க ஒரு வழிதான் உண்டு என்பது என் கட்சி. தேர்ந்தெடுக்க வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே தேர்ந்தெடுத்துவிட்டுப் போங்கள். போன பிறகு எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது, எப்போது சும்மா உட்கார்வது என்பதைக் காற்றும் மேகமும் கடலும் சொல்லட்டும். காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை அட்டவணை போட்டுக்கொண்டு போனால், அலுவலகத்தைத் தூக்கிக்கொண்டு போன மாதிரிதான்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முதலாவது, ஒரே தங்குமிடம். கரையோரமாக ஊர் ஊராக மாறித் தங்குவது படத்துக்கு அழகு. ஆனால் தனியாகப் போகிறவருக்குப் பெட்டியைத் தூக்க, வழி கேட்க, சாவி வாங்க இன்னொரு ஆள் கிடையாது. ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும்.

அந்த ஒரு இடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். சமவெளிக் கரையில் இது பெரிய விஷயமில்லை. மலை முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது பெரிய விஷயம். மேற்குக் கரையில் சூரியன் மலையைத் தாண்டி வர நேரமாகும். காலை குளிராகவும் மங்கலாகவும் இருக்கும், மாலை நீண்டுகொண்டே போகும். ஹுவாலியன் மாதிரிக் கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து நேராக அறைக்குள் வரும், ஆனால் பிற்பகலிலேயே மலை நிழல் விழுந்துவிடும். தூக்கம் கெட்டுப்போய்க் கிளம்புகிறவர்களுக்கு நான் கிழக்குக் கரையைத்தான் சொல்வேன். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் ஒழுங்குக்கு வரும், இரவில் தூக்கம் தானாக வரும். வெறுமனே மனம் களைத்திருந்தால் மேற்கு.

அடுத்து, படிகள். ‘கடலைப் பார்த்த அறை’ என்றால் அது எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறது என்று கேளுங்கள். சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களில் கொர்னீலியா மட்டும் கடலிலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற ஏறக்குறைய 380 படிகள். பெட்டியோடு இதை ஏறிய பிறகு ஓய்வு தொடங்க ஒரு நாள் ஆகும். முன்பதிவு செய்யும்போது ‘வண்டி நிற்கிற இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி?’ என்று எழுதிக் கேட்டால் பெரும்பாலும் நேர்மையாகப் பதில் வரும். ‘பக்கத்தில்தான்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடையின் உச்சத்தில் கூட்டம் இருக்கும், கடும் மழைக்காலத்தில் மண் சரியும். இரண்டுக்கும் நடுவே வரும் வாரங்களைப் பிடியுங்கள். மண்சரிவை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த ஒரு மழையில் சிங்க்வே தெர்ரேயின் வெர்னாத்சா, மோன்தெரோஸ்ஸோ ஊர்களின் தெருக்களில் சேறும் கல்லும் ஆறாக ஓடின. பிக் சரில் 2017 மே மாதம் மலை சரிந்து கடலோர நெடுஞ்சாலை 1-இன் ஒரு பகுதியையே மூடியது. சாலை திரும்பத் திறக்க அடுத்த ஆண்டு ஜூலை ஆயிற்று. இந்தப் பகுதிகளில் பெரும்பாலும் ஒரே சாலைதான், அது போனால் சுற்றுவழி பல மணி நேரம். புறப்படும் முந்தின வாரம் சாலை நிலவரத்தையும், நடைபாதைகள் திறந்திருக்கின்றனவா என்பதையும் அந்தந்தப் பூங்காவின், சாலைத் துறையின் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளாவது காலியாக இருக்கட்டும்.

காரா, ரயிலா, பேருந்தா என்றால் தனியாக இருக்கும்போது கார் வேண்டாம் என்பேன். மலையோரச் சாலையில் ஓட்டுகிறவருக்குத் தெரிவது வெள்ளைக்கோடும் அடுத்த வளைவும்தான். கடல் தெரிவது பக்கத்து இருக்கைக்காரருக்கு, அந்த இருக்கையில் யாரும் இல்லை. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கடல் உங்கள் தடத்தின் பக்கம் வருகிற திசையில் போங்கள். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் பிக் சர் வழியாக வடக்கிலிருந்து தெற்கே போனால், எதிர்வரும் வண்டிகளைக் கடக்காமலேயே ஓரத்தில் ஒதுங்கி நின்று பார்க்கலாம்.

மேகத்தின் நேரம்

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை எங்கும் போக வேண்டாம். ஒரு நாற்காலியைப் போட்டு மலையின் உச்சியைப் பாருங்கள். மேகம் எப்போது வருகிறது, எங்கிருந்து வருகிறது, எப்போது போகிறது. இதைத் தெரிந்துகொண்டால் மிச்ச நாட்களுக்கான திட்டம் தானாக வந்துவிடும்.

பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. சூடான காற்று மேலே எழ, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. குறுக்கே மலை நிற்பதால் அது சரிவில் ஏறியாக வேண்டும், ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. அதனால் வெதுவெதுப்பான கடல் உள்ள இடங்களில் விடிகாலையில் சிகரம் துல்லியமாகத் தெரியும், நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். அங்கே காலையில் மலை, மாலையில் கடல்.

குளிர்ந்த நீரோட்டம் ஓடும் கரைகளில் கதை தலைகீழ். கலிபோர்னியாவின் கோடையில் குளிர்ந்த கடலின் மேலிருக்கும் காற்று மூடுபனியாகிக் கரையில் படிகிறது. அதற்கு மேலே சூடான காற்று அடுக்கு ஒன்று இருப்பதால் பனி மேலே எழ முடிவதில்லை. கரையில் நிற்கிறவர் ‘இன்றைக்கு வெயிலே இல்லை’ என்று அறைக்குத் திரும்பிவிடுவார். சில நூறு மீட்டர் ஏறியவர் வெயிலில் உட்கார்ந்திருப்பார். மதேராவின் பிக்கோ டோ அரியெய்ரோ சிகரம் 1818 மீட்டர். கீழே ஊரை மேகம் மூடியிருக்கும் நாளில் அங்கே நீல வானம் இருப்பது சாதாரணம்.

அந்தப் பனியைத் தாண்டி ஏறுவதை ஒருமுறையாவது மெதுவாகச் செய்யுங்கள். முதலில் புருவத்தில் நீர் கோத்துக்கொள்ளும். கம்பளிச் சட்டையின் ஒவ்வொரு இழையிலும் ஒரு துளி நிற்கும். வெட்டவெளியில் மழை இல்லை, மரத்தடியில் மட்டும் சொட்டும், ஏனென்றால் இலைகள் பனியைப் பிடித்துத் துளியாக்கிக் கீழே விடுகின்றன. மழையில்லாத கோடையில் அந்தக் கரையின் ரெட்வுட் மரங்களுக்கு இந்தப் பனிதான் பெரிய துணை. இன்னும் கொஞ்சம் ஏறினால் வெளிச்சம் வெளுக்கும். பாதையோரப் பாறையில் உங்கள் கையின் நிழல் மங்கலாக விழும், சில அடிகளில் அதற்கு விளிம்பு வரும். அப்புறம் தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே வெள்ளைப் பரப்பு. கடல் தெரியாது, அலையோசை மட்டும் அடியிலிருந்து வரும். பாதை நன்றாகத் தெரிகிற வரைக்கும்தான் இதெல்லாம். பனியில் அடுத்த அடையாளம் தெரியவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 0.65 டிகிரி செல்சியஸ் குறையும். 600 மீட்டர் ஏறினால் நாலு டிகிரி, அதோடு காற்று வேறு. கரையில் வேர்த்தாலும் காற்றுத் தடுக்கும் மேலாடை பையில் இருக்க வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டு விடவில்லை என்றால் மலையின் மறுபக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். காற்று மோதும் பக்கம் நனையும், மறுபக்கம் காயும். ஹவாயின் கவாய் தீவில் உலகத்திலேயே அதிகமாக மழை பெய்கிற மலைகளில் ஒன்று இருக்கிறது. அதே சின்னத் தீவின் மேற்குக் கரை வறண்டு கிடக்கும்.

நடை

வரைபடத்தில் ஆறு கிலோமீட்டர் என்று பார்த்துக் கிளம்பாதீர்கள், ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும். மெட்ரிக் அளவில், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. ஆறு கிலோமீட்டரும் 450 மீட்டர் ஏற்றமும் என்றால் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. இது திடகாத்திரமான, நிற்காமல் நடக்கிற ஆளுக்கு. ஓய்வுக்கு வந்தவர் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். அந்த நேரம் அதிகமாகத் தெரிந்தால் பாதி வழியில் திரும்புங்கள், கடல் அங்கிருந்தும் தெரியும்.

ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முழங்கால் வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பற்றாக்குறை, அதனால் நடந்து ஏறிப் பேருந்தில் இறங்கும் பாதைகளைத் தேடுவேன். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஊன்றுகோல், சின்னச் சின்ன அடி.

பாறை விளிம்பில் போகும் குறுகிய பாதைகளை, எவ்வளவு புகழ்பெற்றவையாக இருந்தாலும், நான் விட்டுவிடுவேன். பயத்தால் மட்டும் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் சொல்வதன் சாரம் இது: வலிந்து கவனிக்கும் சக்தி பயன்படுத்தப் பயன்படுத்தக் களைத்துப்போகும், மேகம், அலை, இலையசைவு மாதிரித் தானாகக் கண்ணை இழுக்கும் விஷயங்கள் அதை ஆறவிடும். ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டிய பாதையில் இந்த ஆறுதல் எங்கே கிடைக்கும்?

கரை

மலை இறங்கும் கடலில் கரை குறுகலாக இருக்கும், ஆழம் சட்டென்று கூடும். தனியாக இருந்தால், காவலர் இல்லாத கரையில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். எதிர்பாராமல் நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கரைக்கு இணையாக விலகி, பிறகு திரும்ப வேண்டும். ஆனால் இது தண்ணீருக்குள் நினைவுக்கு வர வேண்டும்.

உட்கார இடம் தேடும்போது பாறையைப் பாருங்கள், கடல் எதுவரை வருகிறது என்று அதுவே சொல்லும். அடியில் சிப்பிகள் கொத்தாக ஒட்டியிருக்கும் பகுதி, கடல் தினமும் மூடுகிற இடம். அதற்கு மேலே வழுக்கும் கறுப்புப் பட்டை, அலையும் சாரலும் ஏறுகிற இடம். புல்லும் மண்ணும் தொடங்கும் இடத்துக்கு மேலே உட்காருங்கள். உட்காரும் முன் இருபது நிமிடம் நின்று பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு பெரிய அலை வருவது இந்தக் கரைகளின் குணம். ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கரையில் இதனாலேயே ஆட்கள் உயிரிழந்திருக்கிறார்கள். படம் எடுக்கும்போதும் கடலுக்கு முதுகு காட்ட வேண்டாம்.

பாறையைச் சுற்றி அடுத்த குடாவுக்குப் போக ஆசை வந்தால் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேரங்களின் பட்டியல், பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். நேற்று பத்து மணிக்கு வற்றிய கடல் இன்று பத்தே முக்காலுக்கு மேல்தான் வற்றும். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது போய், முழுதாக வற்றும் நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றுதலும் அதிகம்.

தனியாக இருப்பது

முதல் இரண்டு நாள் கை தானாகத் தொலைபேசியைத் தேடும். இந்த மலைகளில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, பிக் சரில் மைல் கணக்கில் கிடைக்காது. எனக்கு அது வரம். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். சலிப்பு வந்தால் உடனே இன்னொரு இடம் பார்க்கக் கிளம்பாதீர்கள். அந்தச் சலிப்பு களைப்பு கலைவதற்கு முந்தின கட்டம், ஒரு மாலை பொறுத்தால் போய்விடும். ஆனால் தனிமை சலிப்பைத் தாண்டி நெஞ்சை அழுத்தினால் வீம்பு வேண்டாம், யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள், தேவைப்பட்டால் முன்னதாகவே கிளம்பி வந்துவிடுங்கள்.

“தனியாவா வந்தீங்க?” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் வெறும் அக்கறைதான். நான் சிரித்துக்கொண்டே “சிநேகிதி அறையில் தூங்குகிறாள்” என்பேன். அந்தச் சிநேகிதிக்கு எங்கே போனாலும் நல்ல தூக்கம்.

நடக்கக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு மூன்று விஷயம் எழுதி அனுப்புங்கள்: எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்குள் தகவல் இல்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும். அறையில் சிக்னல் இல்லையென்றால் தங்குமிடத்துக்காரரிடம் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். நீங்கள் குளித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்போது மீட்புக் குழு டார்ச் விளக்கோடு மலையேறக் கூடாது.