கன்வெர்ட்டர் மேல் விழுந்த பழி

ஏற்காடு ஏறும்போது ஏழாவது கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அடியில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். சேலம் திரும்பி ஸ்கேன் செய்தால் பி0420 என்ற பிழைக் குறியீடு: புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. பட்டறைக்காரர் புதிதாக மாற்றச் சொன்னார். விலையைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் பிறந்தது. கஞ்சத்தனமும் சில சமயம் நல்ல மெக்கானிக்தான்.

மறுநாள் காலை, குளிர்ந்திருந்த வண்டியை வாசலில் திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்தேன். புகைக்குழாயின் வாயைச் சுருட்டிய துணியால் லேசாக அடைக்கும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்த இணைப்பில் நுரை பொங்கியது. சுற்றிலும் கரி அப்பியிருந்தது. அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து, புகையில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றியிருக்கிறது.

துருவேறிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தேன். அப்படியும் ஒன்று முறிந்தது. துளையிட்டு எடுப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. இணைப்பின் இடுக்கை அடைக்கும் புது கேஸ்கட், புது போல்ட்டுகள் போட்டேன். பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு 20 வளைவுகளையும் மறுபடி ஏறினேன். விளக்கு எரியவில்லை. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கினோம்.